சத்திரத்துப் பலகையில் மாறிய முகம்: வாசகர் கேள்வி பதில்

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் தேசிய அடையாளம் உருவானதற்கும் கலை, இலக்கியத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டு வாசகர்கள் எழுதிய கடிதங்களில் ஏழு கேள்விகளை எடுத்துக்கொண்டு இந்த இதழில் விடை எழுதுகிறேன்.

கேள்வி: அமெரிக்கா 1776-லேயே விடுதலையை அறிவித்துவிட்டது. ஆனால் அமெரிக்க இலக்கியம் என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் 1820-ஐ ஒட்டித்தான் தொடங்குகிறார்கள். இடையில் அரை நூற்றாண்டு ஏன் வீணாயிற்று? (முதுகலை மாணவி ஒருவர்)

பதில்: அந்த அரை நூற்றாண்டு வீண்போகவில்லை, அரசமைப்பை எழுதவும், போர்க்கடனை அடைக்கவும், 1812-ல் பிரிட்டனோடு மறுபடி போரிடவும் அது செலவாயிற்று. ஆயினும் உங்கள் கேள்வியில் நியாயம் உண்டு. பதின்மூன்று குடியேற்றங்கள் சேர்ந்து ஒரு நாடானபோது அதன் மக்களுக்குப் பொதுவான தொல்கதை இல்லை; பொதுவான திருச்சபை இல்லை; தமக்கென்று தனி மொழிகூட இல்லை. எந்த மன்னரை வேண்டாமென்று விலக்கினார்களோ அவருடைய மொழியில்தான் பேசினார்கள், அவருடைய நாட்டு நூல்களைத்தான் படித்தார்கள். 1820-ஆம் ஆண்டு ஜனவரியில் சிட்னி ஸ்மித் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 'எடின்பரோ ரிவ்யூ' இதழில், உலகின் நான்கு திசைகளிலும் அமெரிக்க நூலைப் படிப்பவர் யார், அமெரிக்க நாடகத்துக்குப் போகிறவர் யார், அமெரிக்க ஓவியத்தையோ சிலையையோ பார்ப்பவர் யார் என்று கேட்டார். அந்தக் கேள்வி அமெரிக்க எழுத்தாளர்களின் மனத்தில் பல ஆண்டுகள் முள்ளாகத் தைத்திருந்தது.

இந்த வறட்சிக்குச் சட்டமும் ஒரு காரணம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1790-ல் இயற்றப்பட்ட அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் அந்நாட்டுக் குடிமக்களையும் அங்கே வசிப்போரையும் மட்டுமே காத்தது. வால்டர் ஸ்காட், பிற்பாடு சார்லஸ் டிக்கன்ஸ் ஆகியோரின் நாவல்களைப் பிலடெல்பியாவிலும் நியூயார்க்கிலும் இருந்த பதிப்பாளர்கள் ஆசிரியருக்குச் சட்டப்படி ஒரு காசும் தர வேண்டிய கட்டாயமின்றி அச்சிட்டு மலிவாக விற்க முடிந்தது. அப்படியிருக்க, உரிமைத்தொகை கேட்கும் உள்ளூர் எழுத்தாளரை எந்தப் பதிப்பாளர் விரும்பி வரவேற்பார்? வெளிநாட்டு ஆசிரியர்களுக்கும் பதிப்புரிமை வழங்கும் சட்டம் 1891-ல்தான் வந்தது. அந்த நூற்றாண்டின் அமெரிக்க நூல்களை மதிப்பிடும்போது, அவை எத்தகைய சந்தையில் முட்டிமோதி வெளிவந்தன என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மொழியைப் பொறுத்தவரை முதலில் முனைந்தவர் நோவா வெப்ஸ்டர். 1783-ல் அவர் வெளியிட்ட எழுத்துக்கூட்டல் பாடநூல், அதன் நீல அட்டையாலேயே பெயர்பெற்று, தலைமுறை தலைமுறையாகப் பள்ளிகளில் பயன்பட்டது. 1828-ல், எழுபது வயதை ஒட்டி, ஏறத்தாழ 70,000 சொற்கள் அடங்கிய அகராதியை இரண்டு தொகுதிகளாகக் கொண்டுவந்தார். 'கலர்', 'ஹானர்' ஆகிய சொற்களில் ஆங்கிலேயர் எழுதிவந்த 'யு' எழுத்து அமெரிக்காவில் மறைந்ததற்கு அவர் ஒரு முக்கியக் காரணம். ஓர் எழுத்தை நீக்குவது சிறிய செயலாகத் தோன்றலாம். ஆனால் ஒரு குழந்தை தன் சிலேட்டில் எழுதும் ஒவ்வொரு முறையும் தான் வேறொரு நாட்டைச் சேர்ந்தவன் என்று பழகுவதற்கு அதைவிட எளிய வழி கிடையாது.

எனினும் என் மனத்துக்கு மிக நெருக்கமான சான்று, வாஷிங்டன் இர்விங் 1819-ல் வெளியிட்ட 'ரிப் வான் விங்கிள்' கதையில் இருக்கிறது. கேட்ஸ்கில் மலையில் இருபது ஆண்டுகள் தூங்கிவிட்டு ஊர் திரும்பும் ரிப், தான் வழக்கமாக அமரும் சத்திரத்தின் பலகையை அண்ணாந்து பார்க்கிறான். அங்கே இருந்த மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் சிவந்த முகத்தை அவனால் இன்னும் அடையாளம் காண முடிகிறது. ஆனால் சிவப்புக் கோட்டு நீலமும் வெளிர்மஞ்சளுமாக மாறியிருக்கிறது. செங்கோல் இருந்த கையில் வாள். தலையில் போர்த்தளபதியின் தொப்பி. கீழே பெரிய எழுத்துகளில் 'தளபதி வாஷிங்டன்'. தேர்தல் நாளன்று கூடியிருந்த கூட்டத்தின் நடுவில், தான் மன்னரின் விசுவாசமுள்ள குடிமகன் என்று அவன் சொன்னதும், 'ஒற்றன்' என்று கூச்சல் எழுகிறது. ஓர் இரவில் குடிமகன் அந்நியனாகிவிடுகிறான். உடையும் ஆயுதமும் மாறிய பின்னும் அடியில் பழைய முகம் தெரியும் அந்தப் பலகையைப் போலத்தான் அன்றைய அமெரிக்கப் பண்பாடு முழுவதும் இருந்தது. இர்விங் அந்தக் கதையை எழுதியது இங்கிலாந்தில் இருந்தபோது. கதைக்கரு ஜெர்மானிய நாட்டுப்புறக் கதையிலிருந்து எடுத்தது.

கேள்வி: அக்கால அமெரிக்க ஓவியர்கள் ஏன் மலையையும் அருவியையும் திரும்பத் திரும்ப வரைந்தார்கள்? மனிதர்களை வரைந்து அல்லவா ஒரு நாட்டின் முகத்தைக் காட்ட வேண்டும்? (ஓவியம் பயிலும் இளைஞர்)

பதில்: ஐரோப்பாவில் இல்லாததும் தங்களிடம் இருப்பதுமான ஒன்றை அவர்கள் தேடினார்கள். கோயில்களின் இடிபாடுகள், கோட்டைகள், புனிதர்களின் கல்லறைகள் ஆகியவற்றில் ஐரோப்பாவோடு போட்டியிட முடியாது. மனிதன் கோடரி வைக்காத காடு அங்கே அரிது. அமெரிக்காவிலோ அது ஹட்சன் ஆற்றில் படகேறி ஒரு நாள் போனால் எட்டிவிடக்கூடியது. இதைப் பார்த்தவர் தாமஸ் கோல். அவர் 1801-ல் இங்கிலாந்தின் லங்காஷயரில் பிறந்து, 1818-ல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்கு வந்தவர். 1825-ல் கேட்ஸ்கில் மலைப்பகுதிக்குப் போய் வரைந்துவந்த காட்சிகள் நியூயார்க்கில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தன. அவருக்குப் பின்வந்தவர்களையும் சேர்த்துத்தான் ஹட்சன் ஆற்று ஓவியர்கள் என்கிறோம். 1829-ல் அவர் ஐரோப்பா புறப்பட்டபோது, கவிஞர் வில்லியம் கல்லன் பிரையன்ட் ஒரு வழியனுப்புக் கவிதை எழுதினார்: அங்கே போகும் இடமெல்லாம் மனிதச் சுவடு இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் நம் நாட்டின் அந்தக் காட்டுத்தன்மை உங்கள் மனத்தில் மங்கிவிட வேண்டாம் என்பது அதன் கருத்து.

1836-ல் கோல் வரைந்த, 'ஆக்ஸ்போ' என்று அழைக்கப்படும் ஓவியத்தை நிதானமாகப் பாருங்கள். மாசசூசெட்ஸில் ஹோலியோக் மலைமேலிருந்து தெரியும் கனெக்டிகட் ஆற்றின் வளைவு அது. எருதின் கழுத்தில் பூட்டும் நுகத்தின் வளைவைப் போலிருப்பதால் அந்தப் பெயர். படத்தின் இடப்பாதியில் இடிமழை விலகிக்கொண்டிருக்கிறது. முறிந்த மரங்கள், புதர், இருட்டு. வலப்பாதியில் வெயில்; சதுரம் சதுரமாக வயல்கள், புகை எழும் வீடுகள், ஆற்றில் படகுகள். இரண்டுக்கும் நடுவில், கீழே பாறைகளுக்கு இடையில், சற்றுத் தேடினால்தான் தென்படும் அளவுக்குச் சிறிய உருவமாக, தொப்பி அணிந்த ஓவியர் ஒருவர் தம் படத்துக்கு முன் அமர்ந்து திரும்பி நம்மைப் பார்க்கிறார். அது கோல்தான். அவருடைய குடை பாறையிலிருந்து ஆற்றின் பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கிறது. காட்டைச் சேர்ந்தவரா, வயலைச் சேர்ந்தவரா என்று அவர் சொல்லவில்லை. அதே ஆண்டு வெளிவந்த அவருடைய கட்டுரையில், அமெரிக்க நிலக்காட்சியின் தனிச்சிறப்பு அதன் காட்டுத்தன்மையே என்று எழுதினார்; அதே கட்டுரையில், கோடரியின் அழிவுவேலை நாளுக்கு நாள் பெருகுகிறது என்று வருந்தவும் செய்தார். தேசப்பெருமையும் அந்தப் பெருமையின் அழிவும் ஒரே மனத்தில் ஒரே சமயத்தில் இருந்தன என்பதே இந்த ஓவியங்களை வெறும் காட்சிப்படங்களிலிருந்து உயர்த்துகிறது என்று நான் கருதுகிறேன்.

அவருடைய மாணவர் பிரெடரிக் சர்ச் 1857-ல் நயாகராவை வரைந்தபோது, பார்வையாளர் நிற்பதற்குக் கரையே வைக்கவில்லை. நாம் நீரின் விளிம்பில் தொங்குவதுபோல இருக்கும். அவர்களுக்குப் பின் மேற்கே போனவர்களில் தாமஸ் மோரனைக் குறிப்பிட வேண்டும். 1871-ல் நிலவியலாளர் ஹெய்டனின் ஆய்வுக்குழுவோடு யெல்லோஸ்டோன் சென்ற அவருடைய வண்ணப் படங்களும், உடன் சென்ற வில்லியம் ஹென்றி ஜாக்சனின் புகைப்படங்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் காட்டப்பட்டன. 1872 மார்ச் 1-ஆம் தேதி யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி மோரன் வரைந்த பெரிய ஓவியத்தை அதே ஆண்டு நாடாளுமன்றம் 10,000 டாலருக்கு வாங்கியது. அங்கே போயிராதவர்கள் படத்தைப் பார்த்தே அந்த நிலத்தை நாட்டின் பொதுச்சொத்தாக்கினார்கள்.

கேள்வி: வாஷிங்டன் படகில் நின்றபடி டெலவேர் ஆற்றைக் கடக்கும் புகழ்பெற்ற ஓவியத்தில் உள்ளது உண்மையில் நடந்த காட்சியா? (ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்)

பதில்: கடந்தது உண்மை, 1776 டிசம்பர் 25 இரவு கடந்து, மறுநாள் டிரென்டனில் பிரிட்டனுக்காகப் போரிட்டுவந்த ஜெர்மானியக் கூலிப்படையைத் தாக்கினார்கள். காட்சி கற்பனை. படத்தில் பறக்கும் விண்மீன்களும் கோடுகளும் கொண்ட கொடி 1777 ஜூனில்தான் ஏற்கப்பட்டது. அவ்வளவு பேரை ஏற்றிய சிறிய படகில், பனிக்கட்டிகள் மோதும் ஆற்றில், தளபதி அப்படி நிமிர்ந்து நின்றிருக்க முடியாது.

ஓவியர் இமானுவேல் லாய்ட்சே ஜெர்மனியில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்காவுக்கு வந்து, மறுபடி ஜெர்மனிக்குப் போனவர். 1851-ல் முடிந்த இந்தப் படத்தை அவர் டுசல்டார்ப் நகரில் வரைந்தார். 1848-ல் ஐரோப்பாவில் எழுந்த மக்கள் புரட்சிகள் தோற்றுப்போயிருந்த நேரம் அது. சோர்ந்த ஐரோப்பியர்களுக்கு, தோற்கும் நிலையிலிருந்து மீண்ட ஒரு படையைக் காட்ட விரும்பினார். ஏறத்தாழ 12 அடி உயரமும் 21 அடி அகலமும் கொண்ட அந்தத் துணி நியூயார்க்குக்கு வந்ததும் கூட்டம் கூட்டமாக மக்கள் போய்ப் பார்த்தார்கள். துடுப்புப் போடுபவர்களைக் கவனியுங்கள்: ஸ்காட்லாந்துக் குல்லாய் அணிந்தவர் ஒருவர், கறுப்பினத்தவர் ஒருவர், எல்லைப்புறத்து உழவர்கள். ஒரு படகுக்குள் ஒரு நாட்டையே அடைத்துவிட வேண்டும் என்ற ஆசை அதில் தெரிகிறது. சான்றுகளின்படி பிழையான படம், ஓர் இரவில் என்ன நடந்தது என்பதைவிட 1851-ல் மக்கள் தங்களைப் பற்றி என்ன நம்ப விரும்பினார்கள் என்பதை நமக்குத் துல்லியமாகச் சொல்கிறது.

பிரிட்டிஷ் படை வருவதை ஊர்மக்களுக்கு எச்சரித்த பால் ரிவியரைப் பற்றிக் கவிஞர் லாங்ஃபெலோ எழுதிய கவிதையும் இதே வகை. 1775-ல் ரிவியரோடு வேறு இருவரும் குதிரையேறி எச்சரிக்கை கொண்டுபோனார்கள். ரிவியர் வழியிலேயே பிரிட்டிஷ் காவற்படையிடம் பிடிபட்டு, கான்கார்டு போய்ச் சேரவில்லை. கவிதையில் அவர் ஒருவரே எல்லா ஊர்களையும் எழுப்புகிறார். கவிதை 'அட்லாண்டிக் மந்த்லி'யின் 1861 ஜனவரி இதழில் வந்தது. உள்நாட்டுப் போருக்கு முன்னோடியாகத் தென் கரோலினா மாநிலம் அமெரிக்க ஒன்றியத்திலிருந்து பிரிந்தது 1860 டிசம்பர் 20. வீடு தீப்பிடிக்கும் வேளையில் நள்ளிரவில் கதவைத் தட்டி எழுப்பும் குரல் அது. அன்றைய வாசகர்கள் அதை அப்படித்தான் கேட்டிருப்பார்கள்.

கேள்வி: இவையெல்லாம் படித்தவர்களும் பணக்காரர்களும் பார்த்தவை. சாதாரண மக்களுக்கு இவை எப்படிப் போய்ச் சேர்ந்தன? (ஒரு வாசகி)

பதில்: மிகவும் தேவையான கேள்வி. அமெரிக்கன் ஆர்ட் யூனியன் என்ற அமைப்பு 1840-களில் ஆண்டுக்கு 5 டாலர் சந்தா வாங்கியது. சந்தாதாரர் ஒவ்வொருவருக்கும் ஓர் ஓவியத்தின் அச்சுப்படம் நிச்சயம். ஆண்டு முடிவில் குலுக்கலில் பெயர் விழுந்தால் அசல் ஓவியமே கிடைக்கும். 1849-ல் அதன் உறுப்பினர்கள் ஏறத்தாழ 19,000 பேர். மிசோரியைச் சேர்ந்த ஜார்ஜ் கேலப் பிங்கம் வரைந்த படகுக்காரர்களின் படம், ஒருவன் தட்டுப்படகின் மேல் ஆட, இன்னொருவன் பிடில் வாசிக்கும் காட்சி, இந்த வழியில்தான் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் போயிற்று. கிழக்குக் கடற்கரையில் இருந்தவர்கள் மேற்கத்திய ஆற்றுப்படகுக்காரனைத் தங்கள் நாட்டவனாகக் கண்டது அப்படித்தான். குலுக்கல் சட்டவிரோதச் சூதாட்டம் என்று நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்ததால் 1852-ல் அமைப்பு மூடப்பட்டது.

பெரிய ஓவியங்களைத் தனியாகக் காட்டி நுழைவுக் கட்டணம் வாங்கும் வழக்கமும் இருந்தது. 1859-ல் சர்ச் வரைந்த ஆண்டிஸ் மலைக்காட்சியைப் பார்க்க நியூயார்க்கில் ஆளுக்கு 25 சென்ட் கொடுத்து 12,000-க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அதைவிடவும் ஆழமாக ஊடுருவியவை கரியர் அண்ட் ஐவ்ஸ் நிறுவனத்தின் கல்லச்சுப் படங்கள். பெண்கள் வரிசையாக அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு நிறத்தைத் தீட்டி அடுத்தவரிடம் தள்ளுவார்கள். சில்லறைக் காசுக்குக் கிடைத்த அந்தப் படங்கள் முன்னறைச் சுவர்களிலும் முடிதிருத்தகங்களிலும் தொங்கின.

பள்ளிகளை மறந்துவிடக் கூடாது. 1836 முதல் வெளிவந்த மெகஃபி வாசிப்புநூல்கள் கோடிக்கணக்கில் விற்றன. ஒஹாயோவில் ஒரு பிள்ளையும் அயோவாவில் ஒரு பிள்ளையும் ஒரே பாடலை மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள். ஒருவரையொருவர் பார்த்தே இராத இருவரை ஒரு நாட்டவராக்கும் வேலையில் பெரிய நாவல்களைவிட இந்தப் பாடநூல்களுக்குப் பங்கு அதிகம் என்பது என் எண்ணம்.

கேள்வி: வால்ட் விட்மனை அமெரிக்காவின் தேசியக் கவி என்கிறார்கள். அவருக்கு முன்பும் புகழ்பெற்ற கவிஞர்கள் இருந்தார்களே? (கவிதை எழுதும் வாசகர்)

பதில்: இருந்தார்கள், லாங்ஃபெலோவின் புகழுக்கு முன் விட்மனின் புகழ் அன்று ஒன்றுமே இல்லை. பாரதி தம் கட்டுரையொன்றில் எதுகை, மோனை, தளை இல்லாத விட்மனின் நடையைக் குறிப்பிட்டிருப்பதால் நம் வாசகர்களுக்கு அவர் புதியவர் அல்லர். ஆனால் அவர் எங்கிருந்து வந்தார் என்பதை அறிய 1837 ஆகஸ்ட் 31-க்குப் போக வேண்டும். அன்று மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் சிந்தனையாளர் எமர்சன் ஆற்றிய உரையில், ஐரோப்பாவின் அரசவைக் கலைத்தேவியரின் பேச்சை நாம் நெடுங்காலம் கேட்டுவிட்டோம் என்றார். பிறகு அவர் கேட்டது என்ன தெரியுமா? வீரகாவியம் அன்று. பீப்பாயில் இருக்கும் மாவு, கிண்ணத்தில் இருக்கும் பால், தெருவில் பாடும் பாட்டு, படகு கொண்டுவரும் செய்தி: இவற்றின் பொருள் நமக்குத் தெரிய வேண்டும் என்றார்.

பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1855 கோடையில், புரூக்ளினில் ஒரு சிறிய அச்சகத்தில் 95 பக்கம் கொண்ட ஒரு நூல் உருவாயிற்று. பச்சை அட்டையில் பொன்னெழுத்து. எழுத்துகளிலிருந்து வேரும் இலையும் முளைத்திருக்கும். 'புல்லின் இதழ்கள்' என்று பெயர். முகப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயர் இல்லை. அதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு படம் மட்டும்: தொப்பி சாய்ந்திருக்க, கழுத்துப் பொத்தான் திறந்திருக்க, ஒரு கையை இடுப்பில் வைத்து மறுகையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டு நிற்கும் ஓர் உழைப்பாளி. அன்றைய கவிஞர்கள் கோட்டும் கழுத்துப்பட்டியும் இல்லாமல் நூலில் தோன்ற மாட்டார்கள். உள்ளே தலைப்பில்லாத 12 கவிதைகள். ஆசிரியரே சில பக்கங்களுக்கு அச்செழுத்துக் கோத்தார். முன்னுரையில், அமெரிக்க ஐக்கிய நாடுகளே அடிப்படையில் மாபெரும் கவிதை என்று எழுதினார். அந்த ஜூலை மாதமே எமர்சன் அவருக்கு வாழ்த்துக் கடிதம் அனுப்பினார்.

அவர் தேசியக் கவி ஆனதற்குக் காரணம் அவருடைய அடுக்குகள். தச்சன், படகோட்டி, அச்சுக்கோப்பவர், அறுவைசிகிச்சைக்கு உட்படுபவர், விலைமகள், குடியரசுத் தலைவர் என்று ஒருவர் பின் ஒருவராக வரிகளில் நிற்கிறார்கள். ஒருவரை உயர்த்தவும் மற்றவரைத் தாழ்த்தவும் இலக்கணம் இடம் கொடுப்பதில்லை. யாப்பை உடைத்தது வெறும் வடிவச் சோதனை அன்று. சமமான மனிதர்களுக்குச் சமமான வரிகள் தேவைப்பட்டன. தப்பியோடிய அடிமை ஒருவர் வீட்டுக்கு வந்ததையும், அவருடைய புண்பட்ட காலுக்குத் தண்ணீர் கொண்டுவந்ததையும், மேசையில் தன்னருகே அவரை உட்கார வைத்ததையும் அந்த நீண்ட முதற்கவிதையில் சொல்கிறார். அப்படித் தப்பி வருபவர்களுக்கு உதவுவது 1850-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

கேள்வி: நாட்டின் அடையாளம் என்கிறீர்கள். பூர்வகுடி மக்களும் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்களும் அந்த அடையாளத்தில் எங்கே இருந்தார்கள்? (சமூகவியல் பேராசிரியர் ஒருவர்)

பதில்: பூர்வகுடி மக்களைப் படத்துக்குள் கொண்டுவந்தார்கள், ஆனால் வெளியேறிக்கொண்டிருப்பவர்களாக. ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பரின் 'மோகிக்கன்களில் கடைசி மனிதன்' 1826-ல் வந்தது. தலைப்பே ஓர் இனத்தின் முடிவை அறிவிக்கிறது. உண்மையில் மோகிக்கன் மக்கள் அழியவில்லை. அவர்களுடைய சந்ததியினர் இன்றும் விஸ்கான்சினில் வாழ்கிறார்கள். நாவல் வந்து நான்கு ஆண்டுகளில், 1830-ல், தென்கிழக்குப் பூர்வகுடிகளை மிசிசிப்பிக்கு அப்பால் அனுப்பும் சட்டம் நிறைவேறியது. லாங்ஃபெலோவின் கவிதைநாயகனான பூர்வகுடி வீரன் ஹயவாதா, 1855-ல், வெள்ளைக்காரப் பாதிரிமாரை வரவேற்றுவிட்டுத் தன் ஓடத்தில் ஏறி அந்திவானத்தை நோக்கிப் போய்விடுகிறான். தானாகவே மறைபவர்களுக்காக அழலாம்; அவர்களைத் துரத்தியவர்கள் யார் என்று கேட்க வேண்டியதில்லை. அழகான கவிதை இத்தகைய வேலைக்கும் பயன்பட்டது என்பதை வலியோடுதான் எழுதுகிறேன்.

1868-ல் கரியர் அண்ட் ஐவ்ஸ் வெளியிட்ட ஒரு படத்தில் இது பச்சையாகத் தெரிகிறது. வரைந்தவர் ஃபேனி பாமர். நடுவில் ஒரு ரயில் தொடுவானத்தை நோக்கி நேராகப் போகிறது. தண்டவாளத்தின் இடப்பக்கம் மரவீடுகள், குழந்தைகள், 'பொதுப் பள்ளி' என்று எழுதிய கட்டடம். வலப்பக்கம் குதிரைமேல் இரண்டு பூர்வகுடி மனிதர்கள். எஞ்சினின் கரும்புகை முழுவதும் அவர்கள் பக்கம் வீசுகிறது. காற்று எந்தத் திசையில் வீச வேண்டும் என்பதை ஓவியர்தான் தீர்மானித்தார்.

அவர்கள் பேசாமல் இருந்தார்களா? இல்லை. தென்கிழக்குப் பூர்வகுடிகளில் ஒருவரான செரோக்கியரின் மொழிக்கு, அவ்வினத்தைச் சேர்ந்த செக்வோயா எழுத்துமுறை உருவாக்கினார். 1828 பிப்ரவரியில் ஜார்ஜியாவின் நியூ எக்கோட்டாவில் 'செரோக்கி பீனிக்ஸ்' என்ற செய்தித்தாள் செரோக்கியிலும் ஆங்கிலத்திலும் வெளிவரத் தொடங்கியது. அதாவது வெப்ஸ்டரின் பெரிய அகராதி வந்த அதே ஆண்டு. 1835-ல் ஜார்ஜியாவின் காவற்படை அந்த அச்சகத்தைக் கைப்பற்றியது. 1838-ல் அந்த மக்களே கட்டாயமாக வெளியேற்றப்பட்டார்கள், வழியில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். தங்கள் மொழியில் அச்சிடும் உரிமை ஒரு மக்களுக்கு எவ்வளவு பெரியது என்பதை ஜார்ஜியா அரசு நன்றாகவே அறிந்திருந்தது.

1836 ஜனவரியில், கோலின் அந்த நிலக்காட்சிக் கட்டுரை அச்சாகிய அதே மாதத்தில், பீக்வாட் இனத்தைச் சேர்ந்த வில்லியம் ஏபஸ் பாஸ்டன் நகரில் ஓர் உரை நிகழ்த்தினார். பதினேழாம் நூற்றாண்டில் குடியேறிகளை எதிர்த்துப் போரிட்டு மடிந்த மெட்டகாம் என்ற தலைவரை ஜார்ஜ் வாஷிங்டனோடு ஒப்பிட்டு, இருவரும் தம் மக்களின் நெஞ்சில் வாழ்கிறார்கள் என்றார். குடியேறிகள் கரையிறங்கிய நாளான டிசம்பர் 22-ம், விடுதலை நாளான ஜூலை 4-ம் வெள்ளையரல்லாதவர்களுக்குத் துக்க நாள்கள் என்றார். கோல் மனிதச் சுவடு இல்லாத காட்டைக் கண்டு வியந்த மாசசூசெட்ஸில், அந்தக் காடு யாருடையது என்று ஒருவர் எழுந்து கேட்டார்.

பதினாறு ஆண்டுகள் கழித்து, 1852 ஜூலை 5 அன்று, ரோச்செஸ்டரில் பிரெடரிக் டக்ளஸ் அதே ஜூலை 4-ஐப் பற்றிப் பேசினார். அடிமையாகப் பிறந்து, 1838-ல் தப்பி, 1845-ல் தம் வரலாற்றை நூலாக்கியவர். நூலின் தலைப்பிலேயே 'அவரே எழுதியது' என்ற சொற்கள் இருந்தன, ஏனெனில் ஓர் அடிமை இப்படி எழுத முடியும் என்பதை நம்ப மறுத்தவர்கள் பலர். இந்த ஜூலை நான்கு உங்களுடையது, என்னுடையது அன்று. நீங்கள் மகிழலாம், நான் துக்கம் காக்க வேண்டும் என்று அவையினரின் முகத்துக்கு நேரே சொன்னார். ஆனால் விடுதலை அறிக்கையை அவர் தூக்கியெறியவில்லை. அதன் சொற்களையே கையில் எடுத்து, இவற்றுக்கு நீங்கள் உண்மையாக இருக்கிறீர்களா என்று கேட்டார். ஆப்ரகாம் லிங்கன் நீங்கலாக, அந்த நூற்றாண்டின் அமெரிக்க உரைகளில் இதற்கு நிகராக எனக்கு எதையும் சொல்லத் தெரியவில்லை.

அதே ஆண்டு மார்ச்சில் ஹாரியட் பீச்சர் ஸ்டோவின் 'அங்கிள் டாம்ஸ் கேபின்' நூலாக வந்து, அமெரிக்காவில் முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 3,00,000 படிகள் விற்றது. அடிமைமுறையைத் தொலைவிலுள்ள ஒரு சட்டச் சிக்கலாக எண்ணியிருந்த வடக்கத்தியக் குடும்பங்களின் சமையலறைக்குள் அது அந்தத் துயரத்தைக் கொண்டுவந்தது. அதைத் தழுவிய மேடை நாடகங்கள், நாவலின் நாயகனான அடிமை டாமைக் கேலிக்குரிய அடிபணியும் கிழவராக்கிவிட்டன. நாவலில் அவர் இரண்டு பெண்கள் ஒளிந்திருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்க மறுத்து அடிபட்டே சாகிறார்.

கேள்வி: இவ்வளவையும் படிக்க நேரம் இல்லாதவர்கள் ஒரே ஒரு ஓவியத்தைப் பார்ப்பதானால் எதைப் பார்க்கலாம்? (பெயர் குறிப்பிடாத வாசகர்)

பதில்: வின்ஸ்லோ ஹோமர் 1876-ல் வரைந்த 'பழைய எசமானியின் வருகை' ஓவியத்தைப் பாருங்கள். அதே ஆண்டு பிலடெல்பியாவில் நாட்டின் நூற்றாண்டு விழாக் கண்காட்சி பெரும் ஆரவாரத்தோடு நடந்தது. இந்தப் படத்திலோ மங்கலான ஒரு குடிசையின் உட்புறம் மட்டும்தான். வலப்பக்கம் கறுப்பு உடையில், கழுத்தில் பின்னல் துணியோடு, முன்னாள் எசமானி நிமிர்ந்து நிற்கிறார். எதிரில் முன்பு அவருக்கு அடிமையாயிருந்த பெண்கள். ஒருவர் இடுப்பில் குழந்தை. அடிமைமுறை சட்டப்படி ஒழிந்து பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. யாரும் புன்னகைக்கவில்லை, அந்தப் பெண்களுக்கும் எசமானிக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை ஹோமர் எதனாலும் நிரப்பவில்லை. முன்பெல்லாம் எசமானி உள்ளே நுழைந்தால் எல்லோரும் எழுந்துவிட வேண்டும். இடப்புறத்தில் இருக்கும் பெண் அவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்.